ராத்திரி ஒன்று நாற்பது

தந்தி ஆபீஸ் ரெங்கராஜ் லேசில் யாரையும் நம்பிவிட மாட்டார். பால்காரர் செம்பைச் சாய்த்து ஊற்றினால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்பார். உயரத் தூக்கி ஊற்றினால் நுரையைக் காட்டி ஏமாற்றுகிறார் என்பார். பஸ் கண்டக்டர் கேட்காமலே சரியான சில்லறையைக் கொடுத்துவிட்டால், அன்றைக்கு முழுவதும் அவருக்கு மனசு சரியிருக்காது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. பாதி ஆயுசு திருச்சியில் மோர்ஸ் கட்டையைத் தட்டியவர். 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று பம்பாய்க்குத் தந்தி கொடுக்க வரிசையில் நிற்பது அந்த மதரேதான். வெற்றிலையை மென்றுகொண்டே, "பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கு, வேற எப்படிங்க வரவழைக்கறது?" என்று அவரிடமே யோசனை கேட்பாள். இப்படி எத்தனையோ தாயார்களைச் சாகக் கிடத்தி, எத்தனையோ மாமன்களைப் பிழைக்க வைத்தவருக்கு மனுஷர்கள் மேல் என்ன நம்பிக்கை மிஞ்சியிருக்கும்?

அவர் நம்பியது ஒன்றே ஒன்று, தந்தியில் போடுகிற நேரம். நாலே நாலு எண். காலையா மாலையா என்ற கேள்விக்கே இடமில்லை. சாயங்காலம் ஆறரை என்றால் 1830. நள்ளிரவு தாண்டியதும் மறுதேதி. அந்த நாலு எண்ணில் யாரும் பொய் சொல்லவும் முடியாது, குழம்பவும் முடியாது என்பது அவர் கட்சி. வீட்டிலும் அப்படியே பேசுவார். "பதினெட்டு முப்பதுக்கு வந்துடுவேன்" என்று செருப்பை மாட்டுவார். அவர் மனைவி மயிலம்மாள், "அது வெளக்கு வைக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள், ராசாத்தி. இருபத்தொரு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், கணக்கில் அப்பாவுக்கே பாடம் எடுப்பாள், சிரித்த முகம். திருவானைக்காவலில் அவர்கள் தெருவில் அவளைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ஜாதகத்தில் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் காலடி எடுத்து வைத்தால் மாமியார் ரொம்ப நாள் தாங்கமாட்டாள் என்று ஊரில் ஒரு பயம். எந்த மாமியார்தான் தன் உயிரைப் பணயம் வைத்து மருமகள் எடுப்பாள்? ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியில் தாயில்லாத பையன்களாகத் தேட ஆரம்பித்தார்கள். அதிலும் இரண்டாம் தாரம்தான் அகப்பட்டது.

போன வருஷம் அகிலாண்டேஸ்வரி சன்னிதியில் ஓர் அம்மாளுக்கு ராசாத்தி குங்குமம் நீட்டினாள். அந்த அம்மாள் தன் மகனுக்கு இவளைக் கேட்க இருந்து, ஜாதகத்தைப் பார்த்துப் பின்வாங்கியவள். நீட்டிய கையைப் பார்த்ததும், ஏதோ பூச்சியைக் கண்டதுபோல் நகர்ந்து போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ராசாத்தி, "நான் என்னப்பா பண்ணினேன்?" என்று ஒரு தடவை கேட்டாள். எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுகிற ரெங்கராஜ் அந்த ஜாதகத்தை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அது அவரே எழுதிக் கொடுத்த நேரத்தை வைத்துக் கணித்தது அல்லவா?

அறுபத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்லதம்பி, அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். தகப்பனார் இல்லை. தாயார் இருளாயி ஓர் அரிசி மில் களத்தில் நெல் காயப்போடும் பெண்களுக்கு மேஸ்திரி. திடகாத்திரமாக இருக்கிறாள். பெண் ஆயில்யம் என்று சொல்லித்தான் தரகர் ஜாதகத்தைக் கொடுத்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாளாம் இருளாயி.

ரெங்கராஜுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது.

"இருந்துட்டுப் போகட்டுமாம். சாகறதுக்கு யாராவது இப்படிச் சம்மதிப்பாங்களா? பையன்கிட்ட ஏதோ கோளாறு இருக்கு" என்றார் மயிலம்மாளிடம்.

"நல்ல மனசா இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம். நான் இதுவரைக்கும் பாத்ததில்லே."

பெண் பார்க்க வந்தார்கள். பையன் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றான். இருளாயி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கதவுக்குப் பின்னாலிருந்து ராசாத்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் குங்குமத்தை வாங்காமல் போன அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டதில்லை. மயிலம்மாள் அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெங்கராஜ் மட்டும், பெண் பார்க்க வந்த இடத்தில் இவ்வளவு உண்மை பேசுகிறவன் எதை மறைக்க இப்படிப் பேசுகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வயதைக் குறைத்துச் சொல்கிறார்களோ என்று, பையனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கேட்டு அனுப்பினார். மறுநாளே வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் கொடுத்தது முதல் சந்தேகம். பிரித்துப் பார்த்ததில் இரண்டாவது சந்தேகமும் கிடைத்தது. ஜாதகத்தில் பிறந்த நாள் ஜூலை பதினாலு, செவ்வாய்க்கிழமை. புத்தகத்தில் ஜூலை பதினைந்து.

"ஒரு நாள்தானே" என்றாள் மயிலம்மாள்.

"அதுதான் விஷயம். ஒரு வருஷம் தள்ளியிருந்தா அது ஊர் வழக்கம். பள்ளிக்கூடத்துல சேர்க்க வாத்தியார் வாய்க்கு வந்ததை எழுதியிருப்பார். நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஒரே ஒரு நாள் தள்ளியிருக்குன்னா அது திருட்டு. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கான். அடுத்த நாள் நட்சத்திரத்துக்கும் நம்ம பொண்ணு நட்சத்திரத்துக்கும் பொருத்தம் இல்லே, பஞ்சாங்கத்துல பாத்துட்டேன். அதனால ஜாதகத்தை ஒரு நாள் முன்னாடி இழுத்து வச்சிருக்காங்க."

"அவங்களையே கேட்டுடுங்களேன்."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்களாக்கும்."

கூடத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்த ராசாத்தி சல்லடையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "கேக்காம வேண்டாம்னு சொல்லிடாதீங்கப்பா. இந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். மகள் எதையும் கேட்கிற வழக்கமில்லை. ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கொள்ளிடம் பாலத்தின்மேல் பஸ் போகும்போது கீழே மணலில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் தைப்பூசம். சமயபுரத்து மாரியம்மன் அன்றைக்குக் கொள்ளிடக் கரைக்கு வருவாள். அண்ணன் ஸ்ரீரங்கத்து ரங்கநாதரிடமிருந்து தங்கைக்குச் சீர் வரும். மயிலம்மாள் எந்த வருஷமும் தவறவிட மாட்டாள். மணலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு ராத்திரிதான் நம்ம ராசாத்தி பொறந்தா" என்று வருஷா வருஷம் ஆரம்பிப்பாள். "ஜாதகத்துல ஆயில்யம்னு போட்டிருக்கு. பூசத்துக்கு மறுநாள். உனக்கு வலியில ஒன்னும் ஞாபகமில்லே" என்று அவரும் வருஷா வருஷம் முடித்துவைப்பார். இன்று அது ஒன்றும் அவர் நினைவுக்கு வரவில்லை. இருளாயியை எந்தக் கேள்வியில் மடக்கலாம் என்றே போனார்.

மண்ணச்சநல்லூரில் இறங்கியதும் நெல் அவிக்கிற வாடை முகத்தில் வந்து மோதியது. நேரே போகாமல் முதலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தார். நல்லதம்பி வாத்தியாரா, தங்கமான பிள்ளை என்றார் கடைக்காரர். பக்கத்திலிருந்தவரும் அதையே சொன்னார். எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, சொல்லிக்கொடுத்து வைத்திருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீக்குக் காசு கொடுத்தார்.

இருளாயி மில் களத்தில், ஆவி பறக்கிற நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நடந்தாள். இவரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரத்துக்கு வந்தாள்.

"வாங்கண்ணே. சொல்லி அனுப்பியிருந்தா வீட்டுல இருந்திருப்பேனே. மோர் சாப்பிடுங்க."

"மோரெல்லாம் வேண்டாம்மா." ஜாதகத்தையும் புத்தகத்தையும் பையிலிருந்து எடுத்து, கோர்ட்டில் வைப்பதுபோல் நெல் மூட்டைமேல் வைத்தார். "இதுல பதினாலு. இதுல பதினஞ்சு. எது நெஜம்?"

இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்தது. "ரெண்டும் நெஜம்தாண்ணே" என்றாள்.

"ஒரே புள்ளை ரெண்டு நாள்ல பொறக்குமா?"

"செவ்வாக்கிழமை ராத்திரி மூணு மணிக்குப் பொறந்தான். ஜோசியர்கிட்ட செவ்வாக்கிழமைன்னு சொன்னோம். ஆஸ்பத்திரி நர்சம்மா புதங்கிழமைத் தேதியை எழுதிடுச்சு. பன்னெண்டு மணி அடிச்சா அவங்களுக்குத் தேதி மாறிடுமாம். பள்ளிக்கூடத்துல நர்சம்மா சீட்டைத்தான் கேட்டாங்க, கொடுத்தோம். நமக்குப் பொழுது விடிஞ்சாத்தானேண்ணே மறுநாளு?"

ரெங்கராஜ் விடவில்லை. "ராத்திரி மூணு மணின்னா அது புதன்கிழமைதான்மா. சட்டப்படி அதுதான்."

"சட்டம் இருக்கட்டும். செவ்வாக்கிழமை ராத்திரின்னு நான் சொன்னா நீங்க எந்த ராத்திரியை நெனப்பீங்க? செவ்வாக்கிழமை பொழுது சாஞ்சு வர்ற ராத்திரியைத்தானே? ஜோசியருங்க சூரியன் உதிச்சதுலேருந்து நாழிகை எண்ணிக்கிட்டு வர்றவங்க. எந்தத் தேதியைச் சொல்லி ராத்திரின்னாலும், அந்தத் தேதி பொழுது சாஞ்சு வர்ற ராத்திரியைத்தான் கணிப்பாங்க. புதங்கிழமை ராத்திரின்னு சொல்லியிருந்தோம்னா, எம்புள்ளைக்கு ஒரு நாள் கழிச்சுல்ல ஜாதகம் எழுதியிருப்பாங்க?"

'ஒரு நாள் கழிச்சு' என்றதும் ரெங்கராஜுக்குத் தான் எழுதிய ஒரு சீட்டு ஞாபகம் வந்தது.

ராசாத்தி பிறந்த ராத்திரி அவருக்கு நைட் டூட்டி. யுத்த காலம், கட்டை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் மருத்துவச்சி ரோசம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லியிருந்தாள். தீட்டுக் கழிந்து பெயர் வைக்கிற சமயத்தில், ஆபீஸ் சேவகர் அம்மாசி கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து உறையூர் ஜோசியர் அழகர்சாமியிடம் அனுப்பினார். தந்திக்கு எழுதுகிற மாதிரியே எழுதினார். பிப்ரவரி முதல் தேதி, 0140. அதைவிடத் துல்லியமாக ஒரு மனுஷன் எழுத முடியாது என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அம்மாசி திரும்பி வந்து, "பகலா ராத்திரியான்னு ஜோசியர் கேட்டாருங்க. ராத்திரின்னு சொன்னேன்" என்றார். "சரியாச் சொன்னே" என்று ரெங்கராஜ் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் தேதி ராத்திரி ஒன்று நாற்பது. ஜோசியர் முதல் தேதி சூரியோதயத்திலிருந்து எண்ணிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பகலைக் கடந்து, அந்தச் சாயங்காலத்தைக் கடந்து, அதற்கப்புறம் வருகிற ராத்திரிக்குப் போயிருப்பார். ஆனால் குழந்தை பிறந்தது அந்தச் சூரியன் உதிப்பதற்கு முன்னாலேயே. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மயிலம்மாள் அம்மன் வருவதைப் பார்க்கக் கொள்ளிடத்துக்குப் போயிருந்தாள். பூசத்து அன்று.

ராசாத்தி ஆயில்யமே இல்லை.

நெல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்த ஜாதகங்களும், இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தவர்களும், சன்னிதியில் வாங்கப்படாத குங்குமமும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன் கையெழுத்தை ஒரு தரம் சந்தேகப்பட்டிருந்தால் போதும். வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

"என்னண்ணே, மயக்கமா வருதா? யாரும்மா அங்க, அந்த மோரைக் கொண்டா."

"எம்பொண்ணு ஆயில்யம் இல்லேம்மா" என்றார் ரெங்கராஜ். "பூசம். இப்பத்தான் தெரிஞ்சுது. ஜாதகத்துல ஒரு நாள் தப்பிப்போச்சு."

மோர்ச் செம்பை வாங்கிய இருளாயி அதை நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை ரெங்கராஜுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரில் நிற்கிற முகத்தை எடை போடுகிற பார்வை. இத்தனை வருஷமாக அதை அவர் மற்றவர்கள்மேல்தான் வைத்திருந்தார். தன்மேல் விழுந்தால் எப்படியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பொறந்த நாளை மாத்திட்டோம்னு என்னைக் கேக்க வந்தீங்க" என்றாள் அவள் நிதானமாக. "உட்கார்ந்த இடத்துலயே உங்க பொண்ணுக்கு நாளை மாத்தறீங்க. அதுவும் ஆகாத நட்சத்திரத்துலேருந்து ரொம்ப நல்ல நட்சத்திரத்துக்கு. நான் எதைண்ணே நம்பறது?"

"சத்தியமாச் சொல்றேம்மா. அந்தச் சீட்டு எழுதினது நான். ஜோசியர் இப்ப உயிரோட இல்லே. இருந்தா..."

"உயிரோட இல்லாதவரைச் சாட்சியாச் சொல்றது லேசுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "ஆயில்யம்னு தெரிஞ்சுதான் நான் கேட்டேன். ஏன்னு நீங்களும் கேக்கலே, நானும் சொல்லலே. நானே ஆயில்யம்தான். என்னை யாருமே எடுக்கலே, எங்க மாமா ஒருத்தர்தான் துணிஞ்சு கட்டிக்கிட்டாரு. எம்மாமியா இன்னும் வீட்டுல உட்கார்ந்து முறுக்கு கடிக்குது. பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனாலதான் அந்தப் பொண்ணை எடுக்கலாம்னு நெனச்சேன். இப்பப் பூசம்ங்கறீங்க. பூசத்துப் பொண்ணுக்கு எவ்வளவோ பெரிய எடம் வரும். களத்துமேட்டு வீடு வேண்டாம்னு நேராச் சொல்லியிருக்கலாம். சுத்தி வளைச்சிருக்க வேண்டாம்."

"அய்யோ, அதுக்குச் சொல்லலேம்மா."

"வெயில் ஏறுது. நெல்லு கிளறணும். போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் களத்துக்குள் இறங்கிவிட்டாள். மோர்ச் செம்பு மூட்டைமேல் இருந்தது. அதைக் குடிக்கிற யோக்கியதை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மயிலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ ஏன் அன்னிக்கே அடிச்சுச் சொல்லலே?" என்று கடைசியில் அவள்மேலேயே பாய்ந்தார். வேறு யார்மேல் பாய்வது?

"சொன்னேன். பூசத்தன்னிக்கு ராத்திரிதான்னு சொன்னேன். பன்னெண்டு மணிக்கு மேல நாள் மாறிடும், உனக்கு அதெல்லாம் தெரியாதுன்னீங்க. நாளு மாறினா நட்சத்திரமும் மாறிடும்போலன்னு விட்டுட்டேன். வருஷா வருஷமும் சொன்னேன். என்னைத்தான் நீங்க நம்பினதே இல்லையே."

ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ராசாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் அழவில்லை. "அவங்க வேண்டாம்னுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்பலேம்மா. நான் ஏமாத்தறேன்னு நெனச்சுட்டாங்க."

"நீங்க அவங்களை நெனச்ச மாதிரியே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தைப்பூசத்தன்று சாயங்காலம் மூன்று பேரும் கொள்ளிடத்துக்குப் போனார்கள். போகாமலிருக்க மயிலம்மாள் ஒப்பவில்லை. மணல் தெரியாத கூட்டம். பந்தலில் அம்மன் இருந்தாள். அக்கரையிலிருந்து சீர் வருகிறது என்று ஒரே பேச்சு. ரெங்கராஜ் மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு அடி பின்னால், கோர்ட்டில் தண்டனை கேட்கப் போகிறவர்போல் நடந்தார்.

கரும்பு விற்கிறவர் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "மதினி, நில்லுங்க."

இருளாயி. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் நல்லதம்பி, தோளில் துண்டோடு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

"ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லே" என்றாள் இருளாயி மயிலம்மாளிடம். "ஒன்னே ஒன்னு கேக்கணும். உங்க பொண்ணு எப்பப் பொறந்துச்சு?"

ரெங்கராஜ் முன்னால் வந்தார். "பிப்ரவரி..."

"உங்களைக் கேக்கலேண்ணே. பெத்தவங்களைக் கேக்கறேன்."

மயிலம்மாள் பந்தலைக் காட்டினாள். "இந்த அம்மா இங்க வந்து எறங்கினதைப் பாத்தேன். கும்பிட்ட கையை எறக்கல, வலி எடுத்துடுச்சு. மாட்டுவண்டியில போட்டுக் கொண்டு போனாங்க. பாலத்துல போறப்ப எதுத்தாப்ல சீர் வந்துச்சு. யானைக்கு வழிவிட்டு வண்டியை ஓரங்கட்டினாங்க, நான் உள்ள கெடந்து கத்தறேன், மேளச் சத்தத்துல யாருக்கும் கேக்கலே. அன்னிக்கு ராத்திரியே, கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி இவ பொறந்துட்டா. அதுக்கு மேல எனக்குத் தேதியும் தெரியாது, மணியும் தெரியாது."

இருளாயி மயிலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யானைக்கு ஓரங்கட்டினது வரைக்கும் யாரும் கற்பனை பண்ணிச் சொல்லமாட்டாங்க" என்றாள். "அப்பப் பூசம்தான். நான் அண்ணனைத் தப்பா நெனச்சுட்டேன்."

ரெங்கராஜுக்கு உடம்பே லேசாகிவிட்டது. உற்சாகம் வந்தால் அவருக்கு நிற்கத் தெரியாது. "நாளைக்கே வேற ஜோசியரைப் பாத்துப் புதுசா எழுதிடறேன். பூசம்னு போட்டு எல்லாருக்கும் தெரியப்படுத்திடறேன். திருப்பி அனுப்பினானே ஒவ்வொருத்தனும், அவனவன் வீட்டுக்கு நானே போய்..."

"வேண்டாம்ப்பா" என்றாள் ராசாத்தி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இருளாயியைப் பார்த்துப் பேசினாள். "அத்தே, நான் ஆயில்யமாவே வரேன். நீங்க கேட்டது அந்தப் பொண்ணைத்தானே?" பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ஆயில்யம்னு என்னைத் தொட பயந்தவங்க எல்லாம், பூசம்னா திரும்பி வருவாங்கப்பா. அவங்க வரவே வேண்டாம்."

நல்லதம்பி அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "எனக்கு ரெண்டும் சம்மதம்" என்றான். இருளாயி பழக்கதோஷத்தில் அவனைக் கிள்ளக் கையை நீட்டி, பாதியிலேயே எடுத்துக்கொண்டாள். ராசாத்தி சிரித்தாள்.

சீர் வந்துவிட்டது. யானையும் தீவட்டியும் மேளமுமாகக் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இளையவர்கள் இருவரும் இருளாயிக்கு இரண்டு பக்கமும் நின்று, அவளைத் தாண்டி ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். ரெங்கராஜ் மனைவி பக்கத்தில் போய் நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

"மயிலு, நீ சொன்னதுதான் சரி. நான்தான் உன்னை நம்பலே" என்றார்.

"என்னது?" என்று காதருகே கையை வைத்தாள் அவள். "மேளத்துல ஒன்னும் கேக்கலே."

அவர் குனிந்து, பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையே அவளுக்கு நன்றாகக் கேட்டிருந்தது.